செல்வத்தின் அட்டையில் வெள்ளையன் அடித்த கோல்

1

“16.01.2004, வெள்ளி. இறுதி ஆட்டம். நாம் 1, நேபாளத்தார் 0. கோல்: செல்வம் (மணலூர்பேட்டை), இரண்டாம் பாதி. காற்று அதிகம். கோப்பை நம்மிடம்.”

குவைத்துக்கு வந்த நாள் முதல் நான் எழுதிவரும் நோட்டுகளில் ஐந்தாவதில் இருக்கிறது இந்தக் குறிப்பு. கையெழுத்து என்னுடையது. தேதி சரி. அன்று ஊரில் மாட்டுப் பொங்கல். ஆட்டக் கணக்கு சரி, காற்று சரி, கோப்பையும் சரி. கோல் அடித்தவர் பெயர் மட்டும் பொய். தெரியாமல் எழுதிய பிழை இல்லை. தெரிந்தே, நிறுத்தி நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

என் தொழிலைச் சொன்னால் இது ஏன் என்னை உறுத்துகிறது என்று உங்களுக்குப் புரியும். ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டட வரைபடங்களுக்கு எண் போட்டு, எந்தத் திருத்தம் எந்தத் தேதியில் வந்தது, யார் கையெழுத்திட்டார் என்று பதிவு செய்வது வேலை. ஒரு வரைபடம் தவறு என்று தெரிந்தால் நாங்கள் அதைக் கிழிப்பதில்லை. மேலே ‘செல்லாது, அடுத்ததைப் பார்க்க’ என்று முத்திரை குத்தி, புதியதையும் பழையதையும் ஒரே கோப்பில் வைப்போம். என்ன தவறு நடந்தது என்பதும் ஆவணம்தான்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் போட்டிக் குழுவின் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். எகிப்துக்காரர், எல்லோருக்கும் உஸ்தாத், அதாவது வாத்தியார். இருபத்தைந்தாவது கோப்பைக்கு ஒரு மலர் போடுகிறோம், வரலாறு நீ எழுது, உன்னிடம்தான் தேதிகள் இருக்கின்றன என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து ஐந்தாம் நோட்டைத் திறந்தேன். மேலே சொன்ன வரி அங்கே அப்படியே இருந்தது.

2

போட்டியைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அழைப்பிதழில் அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு; அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் மணல் கோப்பை என்போம். இங்கே வேலைக்கு வந்த பல நாட்டுத் தொழிலாளர்களின் சங்கங்கள் ஆடும் எழுவர் கால்பந்து. புல் கிடையாது.

தொடக்கம் 1997–98 குளிர்காலம். லாரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்த வெற்று நிலம். நான்கு அணிகள்: எகிப்து, நேபாளம், வங்கதேசம், நம் நாட்டிலிருந்து கோவாக்காரர்கள். கோல் கம்பத்துக்குப் பதில் தண்ணீர் பீப்பாய்கள். இரண்டாம் ஆண்டு சாரக் குழாய்கள் வந்தன. எந்தக் கட்டுமானத் தளத்திலிருந்து வந்தன என்று நான் மலரில் எழுதவில்லை. மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிக் கறுப்புக் கோடு போடுவார்கள். விழுந்து எழுந்தவன் சட்டையைப் பார்த்தே எல்லைக்கு எவ்வளவு அருகில் விழுந்தான் என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி, வெளிச்சம் போவதற்குள் முடிப்பார்கள்.

2002–03இல் பக்கத்து நாட்டில் போர் வரப்போகிறது என்ற பேச்சில் ஆட்டம் நடக்கவில்லை. கொரோனாவில் இரண்டு குளிர்காலம் போயிற்று. அதனால்தான் இருபத்தைந்து கோப்பைகளுக்கு இருபத்தெட்டு குளிர்காலங்கள்.

இந்த வரலாற்றில் முக்கியமான விதி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு ஓர் ஆட்டக்காரர் முதல் ஆட்டத்தில் ஒரு சங்கத்துக்கும், சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் இன்னொரு சங்கத்துக்கும் ஆடிவிட்டார். பெரிய சண்டை. மூன்றாம் ஆண்டிலிருந்து, ஆடுகிற ஒவ்வொருவரும் தன் பத்தாக்காவை, அதாவது இந்த நாட்டின் அடையாள அட்டையை, நடுவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார்கள். பதினான்கு அட்டைகள் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல் வைத்திருப்பார்கள்.

விதி எழுதியவர்கள் யோசிக்காத ஒன்று: செல்லுபடியாகும் அட்டை இல்லாதவர்களும் கால்பந்து ஆடுவார்கள். முதலாளியைவிட்டு வந்தவர்கள், விசா முடிந்தவர்கள், இங்கே கல்லிவல்லி என்று சொல்லப்படுகிறவர்கள். அவர்களுக்காக ஓர் ஏற்பாடு தானாகவே உருவானது. காயம்பட்டவன் அட்டையில் கல்லிவல்லி இறங்குவான். புகைப்படத்தில் முகம் நகத்தளவு. எல்லா அணியிலும் ஒருவராவது இப்படி இருப்பார், எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. கோட்டுக்கு உள்ளே நிற்கும்வரை அவனை அட்டையில் உள்ள பெயரால்தான் கூப்பிட வேண்டும். எழுதப்படாத விதி. எழுதிய விதிகளைவிட நன்றாகக் காப்பாற்றப்பட்டது.

3

எங்கள் சங்கம் நான்காம் கோப்பையில் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி நண்பர்கள் என்று பெயர். அப்போது ஊர் விழுப்புரம் மாவட்டம். 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது. பழைய சான்றிதழ்களில் விழுப்புரம் என்றே இருக்கும், சந்தேகம் வேண்டாம். நாம் கபடியும் வாலிபாலும் ஆடுகிற ஆட்கள். 2004இல் இருந்த ஒன்பது பேரில் கால்பந்து தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருவன் செல்வம். பலகை அடிக்கும் தச்சன். மணலூர்பேட்டையில் பெண்ணையாற்று மணலில் ஆடி வளர்ந்தவன். மணலில் மற்றவர்கள் கால் புதைந்து தடுமாறுவார்கள், இவன் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடப்பான். அவன்தான் தலைவன்.

இன்னொருவன் வெள்ளையன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். மலைப்பள்ளி விடுதியில் தங்கிப் படித்தபோது பந்து பழகியவன். அந்தப் பள்ளியின் விளையாட்டு இடம் ஒரு சரிவு. பந்து உருண்டால் ஓடைக்குப் போய்விடும். யார் காலிலிருந்து தவறியதோ அவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். ஏறி வருவதற்குள் விளையாட்டு நேரமே முடிந்துவிடும். அதனால் அந்தப் பள்ளியில் கோல் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, பந்தை விடாதவர்கள் அதிகம். வெள்ளையன் காலில் பந்து வந்துவிட்டால் பசை போட்டதுபோல இருக்கும்.

அவன் 2002இல் வடக்கு எல்லைப் பக்கம் ஒரு தக்காளிப் பண்ணைக்கு வந்தவன். பண்ணை கைமாறியது. புதியவர் தன் ஆட்களைக் கூட்டிவந்தார். வெள்ளையனின் தாள்கள் பழையவரிடம், பழையவர் எந்த நாட்டில் என்று தெரியாது. ஒரு துண்டுச் சீட்டில் யாரோ எழுதிக்கொடுத்த முகவரியோடு எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தான். நாங்கள் ஏழு பேர் இருந்தோம். எட்டாவதாகப் பாய் விரித்தான். விடிகாலையில் குடியிருப்புகளில் கார் கழுவப் போவான், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான்.

நான் கள்ளக்குறிச்சியில் கடைத்தெருவில் பிறந்தவன், அத்தாவுக்குச் செருப்புக்கடை. மலையிலிருந்து இறங்கிவருகிறவர்கள் வாரச் சந்தையன்று எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்களை மலைக்காரர் என்று சொல்வோமே தவிர, ஒருவர் பெயரையாவது கேட்டுவைத்ததாக எனக்கு நினைவில்லை. மலைக்காரர் ஒருவர் பெயரை நான் முதலில் தெரிந்துகொண்டது குவைத்தில்.

4

அரையிறுதியில் செல்வத்தின் கணுக்கால் பிசகிவிட்டது. தர்பூசணிபோல வீங்கியது. அன்று மாலையே தன் அட்டையை எடுத்து வெள்ளையன் மடியில் போட்டான். இதைச் சாதாரணமாகப் படித்துவிடாதீர்கள். பிடிபட்டால் ஆடியவனோடு அட்டை கொடுத்தவனும் விமானம் ஏற வேண்டியதுதான். செல்வத்துக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் பயிற்சி. கால் பயிற்சியைவிட வாய்ப் பயிற்சி அதிகம். அறையிலேயே வெள்ளையனைச் செல்வம் என்று கூப்பிட்டோம். “செல்வம், சட்டியக் கழுவு” என்றால் இரண்டு பேர் திரும்புவார்கள். உண்மைச் செல்வத்துக்குப் பழைய செல்வம் என்று பெயர் ஆகிவிட்டது. “இருக்க இருக்க என்ன கெழவனாக்கிட்டீங்கடா” என்பான்.

பெயர்ப் பட்டியலை நான் எழுதிக் கொடுத்தேன். 9. செல்வம்.

இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் எதிர்க்காற்று. யார் உதைத்தாலும் பந்து மேலே எழும்பி நம் பக்கமே திரும்பியது. வெள்ளையன் மட்டும் பந்தைக் காற்றுக்குக் கொடுக்கவில்லை. இடது ஓரம், எஞ்சின் ஆயில் கோட்டை ஒட்டியே போனான். ஒருவர், இருவர், மூன்றாவது ஆள் சறுக்கி விழுந்தார். நான் கோட்டுக்கு வெளியே தண்ணீர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பந்து உள்ளே போனது. என் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

“வெள்ளையா!”

அவன் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்குப் பக்கத்தில் நேபாள அணியின் மாற்று ஆள் ஒருவர். சென்னையில் ஓட்டல் வேலை பார்த்தவர், நல்ல தமிழ். “செல்வம்னுதானே எழுதியிருக்கு?” என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் அணி. ஆட்டம் முடியும்போது அவர்கள் ஆள் மேசைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் எண்ணை அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று உஸ்தாத் அறிவித்தார்.

எங்கள் பிக்கப் வண்டிக்குப் பின்னால் நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. வெள்ளையன் சட்டையைக் கழற்றினான். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காலித் தண்ணீர் கேன் ஒன்றைத் தோளில் வைத்து, தண்ணீர் கொண்டுவந்த ஆட்களோடு ஆளாகச் சாலைப் பக்கம் நடந்துவிட்டான். வியர்வையில் நனைந்த சட்டையைப் பழைய செல்வம் மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே மேசைக்குப் போனான். கோல் அடிக்கும்போது கால் பிசகிவிட்டதாம்.

உஸ்தாத் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். அந்தப் போட்டியின் வரலாற்றில் ஓர் அட்டை ஒரு முகத்தோடு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தியது அன்றாகத்தான் இருக்கும். ‘இறுதி ஆட்ட வெற்றிக் கோல்’ என்று சான்றிதழும் பதக்கமும் செல்வத்துக்குக் கொடுத்தார்கள். அறைக்கு வந்ததும் செல்வம் பதக்கத்தை வெள்ளையன் கழுத்தில் மாட்டினான். வெள்ளையன் கொஞ்ச நேரம் போட்டிருந்துவிட்டு, எனக்கு எங்கே வைக்க இடம் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தான்.

நான் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். நோட்டை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் செல்வம் என்றே எழுதினேன்.

அந்த வாரத்தில் இன்னொரு குறிப்புதான் இருக்கிறது. “22.01.2004, வியாழன். வெள்ளையனைப் பிடித்துவிட்டார்கள்.” அடுத்த மாதம் அவனை அனுப்பிவைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பை, மேலே என் ஸ்வெட்டர்.

5

மலரின் பக்கங்களை வடிவமைத்தது என் மகள் நஸ்ரின். குவைத்தில் பிறந்து, இப்போது துபாயில் வேலை. தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக்கூட்டி. நான் அனுப்பிய பட்டியலைப் பார்த்துவிட்டு, “அத்தா, மணலூர்பேட்டைன்னு பிராக்கெட்ல இருக்கே, அது ஸ்பான்சரா?” என்று கேட்டாள். ஊர் என்றேன். “உங்க ஊரா?” என்றாள். நம் ஊருக்குப் பக்கம் என்றேன். நம் என்ற சொல்லை அவள் மரியாதைக்காக மறுக்காமல் விட்டுவிட்டாள்.

இங்கே நம் ஊரின் பெயர் பிறர் காதில் விழுந்தது இரண்டு முறை. ஒன்று 2004இல் அந்தக் கோப்பை. இன்னொன்று 2024 ஜூன். கருணாபுரத்துக் கள்ளச்சாராயச் சாவுச் செய்தி வந்த வாரம், என்னிடம் அதுவரை பேசாதவர்கள்கூட, உன் ஊர்தானே அது என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். நஸ்ரினும் அன்று போன் செய்தாள். நமக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள். அன்று அவள் ‘நமக்கு’ என்றுதான் சொன்னாள்.

அவளிடம் வெள்ளையன் கதையைச் சொன்னேன். அப்படியானால் நான் எந்தப் பெயரைப் போட என்று கேட்டாள். அவளுக்கு அது ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டிய எழுத்து. ஆனால் சரியான கேள்வி.

உஸ்தாத்திடம் விசாரித்தேன், ஆள் யாரென்று சொல்லாமல். பழைய பதிவைத் திருத்த வழி உண்டா? உண்டு, படிவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது கட்டம்: ஆட்டக்காரரின் அடையாள அட்டை எண். கட்டாயம் நிரப்பப்பட வேண்டும்.

அடுத்து செல்வம். 2009இல் ஊர் திரும்பி, மணலூர்பேட்டையில் கரும்பு வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது.

“இருவது வருசமா கண்ணாடி போட்டு மாட்டி வச்சிக்கினு இருக்கேன். இப்ப வந்து கழட்டுன்னா இன்னா பாய் நாயம்?”

“கழட்டச் சொல்லல செல்வம். கீழ ஒரு வரி சேக்கணும்ன்றேன்.”

“எம் பொண்ணு மாவட்ட டீம்ல ஆடுது, தெரியுமா? அது பந்து எடுத்ததே அத்தப் பாத்துதான். எங்கப்பா குவைத்துல கோலு போட்டாருன்னு ஸ்கூல்ல பேசிக்கினு திரியுது. அதுகிட்ட நான் இன்னான்னு சொல்றது?”

இத்தனை நாள் இதை என் நோட்டின் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக் கூடத்தில் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது அது.

அவனே அடுத்துக் கேட்டான். “வெள்ளையன் இன்னா சொல்றான்?”

“கேக்கல. அவன் போன் நம்பரே யார்கிட்டயும் இல்ல. லீவுல வரும்போது போய்த்தான் கேக்கணும்.”

“போலாம். நானும் வரேன். அவன் வேணாம்னா வுட்டுடு. போடுன்னா போடு.”

6

செப்டம்பரில் விடுமுறையில் வந்தேன். குறித்த நாளில் காலை ஏழு மணிக்கே கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றேன். செல்வம் வரவில்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டு வண்டிகளை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கின. ஐம்பத்தாறு வயதில் அந்தப் பாதையில் நான் போவது அது முதல்முறை. கடைக்கு வந்த மலைக்காரர்கள் எல்லாம் இவ்வளவு தூரம் இறங்கித்தான் வந்திருக்கிறார்கள்.

வெள்ளிமலையில் டீக்கடையில் பெயர் சொல்லி விசாரித்தேன். அந்தப் பெயரில் நாலு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். குவைத்துக்குப் போய் வந்தவர் என்றதும் கடைக்காரர் சிரித்தார்.

“கொவைத்தா? போன மாரியே திரும்பி வந்தாரே, அவரா?”

ஊரில் அவனுக்கு அதுதான் பெயராம். கொவைத்து.

மரவள்ளிக் கொல்லைக்குக் காட்டுப்பன்றி வராமல் வேலி கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். அடையாளம் தெரிந்ததா என்று நான் தயங்கி நிற்க, அவன் சொன்ன முதல் வார்த்தை இது:

“சொட்டர் கேட்டு வந்தீங்களா பாய்? அத்த எலி கடிச்சி ஜாஸ்தி நாளாவுதே.”

வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள். செல்வம் எப்படி இருக்கிறான், அறையில் இருந்தவர்கள் எங்கெங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டான். நான் சொல்லவந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அன்று நான் உன் பெயரைக் கத்தியிருக்கக் கூடாது. அதனால்தான் புகார் வந்தது. அதனால்தான் உன்னைத் தேடினார்களோ என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அவன் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான்.

“பண்ணையில எல்லாரையும் ரஃபீக்குனுதான் கூப்புடுவான். ரோட்ல பேரே கெடையாது. ஒரு வாரமா ரூம்லகூட செல்வம் செல்வம்னு ஆயிப்போச்சி. அப்பதான் நீங்க கூப்ட்டீங்க. அத்தினி பேரு இருக்கச் சொல்ல, வெளிச்சத்துல, எம் பேரு. திரும்பக் கூடாதுன்னு தெரியும் பாய். ஆனா திரும்பிட்டேன்.”

பிடிபட்டது பஸ்ஸில் நடந்த சோதனையில்தான், அது வேறு, இது வேறு என்று சொன்னான். எனக்காகச் சொன்னானா, உண்மையா என்று நான் துருவவில்லை.

பிறகு மலரைப் பற்றிச் சொன்னேன். பெயரைப் போடலாமா?

“போடுங்க” என்றான். யோசிக்கவே இல்லை. “மூணு பேர ஏமாத்திக்கினு போய் கோலு போட்டேன்னு இங்க சொன்னா, அப்ப கோப்ப எங்கடான்றானுங்க. எம் பசங்களே நம்பல. போட்டு ஒண்ணு அனுப்புங்க.” நான் தலையாட்டினேன். அவன் என் முழங்கையைப் பிடித்தான். “ஆனா செல்வத்து பேர அழிக்காதீங்க. கார்டு அவன்து. அவன் குடுக்கலன்னா, கோட்டுக்கு வெளிய நின்னு பாத்துக்கினு இருந்திருப்பேன்.”

கிளம்பும்போது பழைய பள்ளிக்கூடத்துச் சரிவைக் காட்டினான். இப்போது தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். பந்து ஓடைக்குப் போவதில்லையாம். “அதான் இப்ப இருக்கிற பசங்களுக்கு பந்து கால்ல நிக்கல” என்றான்.

7

மறுநாள் செல்வம் என் வீட்டுக்கு வந்தான். பேருந்து நிலையத்துக்கு வந்ததாகவும், ஜூஸ் கடைக்குப் பின்னால் நின்று நான் ஏறியதைப் பார்த்ததாகவும் சொன்னான். “ஏற முடியல பாய். இன்னா மூஞ்சிய வச்சிக்கினு போறது?” வெள்ளையன் சொன்ன இரண்டையும் சொன்னேன். அழிக்காதீங்க என்றதைச் சொன்னபோது எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பதக்கம் கொண்டுவந்திருந்தான். நீயே நேரில் கொடு என்றேன். சரி என்றான். இதுவரை போகவில்லை, அறுவடை முடியட்டும் என்கிறான். போவான் என்றுதான் நினைக்கிறேன்.

குவைத்துக்கு வந்து படிவத்தை எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று நிரப்பினேன். உஸ்தாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவருக்கு அப்போதே தெரியுமாம். அப்படி வீங்கிய காலோடு வந்து நின்றவன் அரை மணிக்கு முன்பு மூன்று பேரைத் தாண்டினான் என்று நம்புவதற்கு நான் என்ன குருடா என்றார். பிறகு ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அட்டை கேட்டார்கள், அட்டை சரியாக இருந்தது என்றார். முத்திரை குத்தினார்.

மலர் பிப்ரவரியில் வந்தது. ஆறாம் கோப்பைக்கான பக்கத்தில் நஸ்ரின் இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் வைத்திருக்கிறாள். எங்கள் தொழிலில் செய்வதுபோல.

‘கோல்: செல்வம், மணலூர்பேட்டை (2004 பதிவு).
திருத்தம்: கோல் அடித்தவர் வெள்ளையன், வெள்ளிமலை. செல்வம் கொடுத்த அட்டையில் ஆடினார். 2004 பதிவைத் தவறாக எழுதியவர் இக்கட்டுரையாளர்.’

வெள்ளிமலைக்கு இரண்டு பிரதிகள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மணலூர்பேட்டைக்கு ஒன்று.

செல்வம் மகளிடம் சொல்லிவிட்டான். மலரைக் கையில் கொடுத்து, கண்ணாடிச் சட்டத்துக்கு நேராக நிற்கவைத்தே சொன்னானாம். மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. பயிற்சிக்கும் போகவில்லை. அந்த மூன்று நாளும் அவன் எனக்குப் போன் செய்தான். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாமல், மழை, கரும்பு, ஆலை என்று பேசி வைத்தோம். நான்காம் நாள் சாயங்காலம் அவள் காலுறையை மாட்டிக்கொண்டே கேட்டாளாம்: “அந்த மலைக்காரரு எந்தக் கால்ல அடிச்சாரு?”

செல்வத்துக்குத் தெரியவில்லை. அவன் அன்று யார் கண்ணிலும் படாமல் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். கோலைப் பார்க்கவே இல்லை. இத்தனை ஆண்டும் மகளிடம் வலது கால் என்று சொல்லிவந்திருக்கிறான், தான் வலக்காலன் என்பதால். இப்போது என்னைக் கேட்டான். நான் நேராகப் பார்த்தவன். அந்தக் காற்றை, அந்தச் சிரிப்பை, என் வாயிலிருந்து வந்த சொல்லை இப்போதும் சொல்வேன். கால் நினைவில்லை. நோட்டிலும் இல்லை. வெள்ளிமலை அஞ்சலகம் வழியாக வெள்ளையனைக் கேட்டு எழுதினேன். அவன் மகன் போனில் பேசினான். அப்பா ‘கீழ்க்கால்’ என்கிறார் என்றான். சரிவில் நிற்கும்போது பள்ளத்துப் பக்கம் இருக்கும் காலாம். மணல் மைதானம் சமதளம். அதில் பள்ளத்துப் பக்கம் எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைய நேபாள கோல்கீப்பர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், துறைமுகத்தில் வேலை. அவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. 16.01.2004 இறுதி ஆட்டத்தின் கோல் இடது காலால் அடிக்கப்பட்டதா வலது காலாலா என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.